வாக்காளர் கையில் கட்டளைக்கல்

பொன்னின் மாற்றை அறியக் கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்க்கிறோம். தேர்தலில் நிற்கும் வேட்பாளரின் வாக்குறுதியை எதில் உரைத்துப் பார்ப்பது? ஜெர்மானிய மொழியில் இதற்கென்றே ஒரு சொல் வழங்குகிறது. தேர்தல் நெருங்கும் காலத்தில் தொழிற்சங்கங்களும் சமயச் சபைகளும் பொதுநலச் சங்கங்களும் தத்தம் அக்கறைகளைக் கேள்விகளாக எழுதிக் கட்சிகளுக்கு அனுப்புகின்றன. வந்த விடைகளை மக்கள் பார்வைக்கு வெளியிடுகின்றன. அவ்வாறு அனுப்பப்படும் கேள்விகளுக்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘தேர்தல் கட்டளைக்கல்’ என்றே வரும். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவனுக்கு, தொலைதூரத்து இரு மொழிகள் ஒரே உவமையில் சந்திப்பதைக் காண்பது தனியொரு மகிழ்ச்சி.

இவ்வழக்கம் ஐரோப்பாவில் நன்கு வேரூன்றியது. நெதர்லாந்தில் 1989-ஆம் ஆண்டிலேயே, கட்சிகளின் கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் வினாப்பட்டியல் ஒன்று காகிதத்தில் அச்சிட்டு வழங்கப்பட்டது. ஜெர்மனியில் 2002 முதல், அரசாங்கத்தின் குடிமைக் கல்வி நிலையம் கணிப்பொறி வாயிலாக அத்தகைய பட்டியலை நடத்தி வருகிறது. அதில் பெரும்பாலும் 38 கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கட்சிகள் முன்கூட்டியே ‘உடன்படுகிறேன்’, ‘உடன்படவில்லை’, ‘நடுநிலை’ என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவித்துக் காரணமும் எழுதித் தருகின்றன. வாக்காளர் தாமும் விடையளித்து, எக்கட்சி தமக்கு அணுக்கமாக நிற்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

இப்படிக் கேட்கப்படும் கேள்விகளுள் மிகக் கடினமான ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். இஸ்ரேல் நாட்டின்பால் ஐரோப்பாவின் கொள்கை என்னவாக இருக்க வேண்டும், ஐரோப்பாவிலேயே வாழும் யூத மக்கள்மீதான வெறுப்பை எவ்வாறு ஒழிப்பது என்னும் பொருள்களைப் பற்றி வேட்பாளரை வினவுவதே அது.

ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகளின் கூட்டு. அதன் பாராளுமன்றத்துக்கு 1979 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாக வாக்களித்து வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு ஜூன் 6 முதல் 9 வரை நடந்த தேர்தலில் 720 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அத்தேர்தல் நடந்த வேளை மிகவும் இக்கட்டானது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 2023 அக்டோபர் 7-ஆம் நாள், ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றனர். அதையடுத்து இஸ்ரேல் காசாமீது தொடுத்த போரில் மாண்டவர் தொகை, காசாவின் சுகாதாரத் துறைக் கணக்குப்படி, 2025 ஜூலை முடிவதற்குள் 60,000-ஐக் கடந்தது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையினர். 2025 அக்டோபரில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்படும்வரை, ஐரோப்பிய நகரங்களில் மாபெரும் ஊர்வலங்கள் நடந்தவண்ணம் இருந்தன. அதே வேளையில், யூதப் பள்ளிகளும் ஆலயங்களும் காவலை மேலும் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

இச்சூழ்நிலையில் ஒருவர் எழுந்து, “நீர் இஸ்ரேலை ஆதரிக்கிறீரா, எதிர்க்கிறீரா?” என்று வேட்பாளரைக் கேட்டால் என்ன விடை வரும்? “நான் சமாதானத்தை ஆதரிக்கிறேன், எல்லா வெறுப்பையும் எதிர்க்கிறேன்” என்பார். அரங்கம் கைதட்டும். ஆனால் வாக்காளர் எதையும் அறிந்துகொண்டிருக்கமாட்டார். கேள்வியில் இரண்டு பொருள்கள் ஒன்றாகப் பிணைந்து கிடந்தமையே அதற்குக் காரணம். ஓர் அரசாங்கத்தின் செயலை மதிப்பிடுவது ஒரு பொருள். தம் சொந்த ஊரில் வாழும் ஒரு மக்கட் கூட்டத்தாரின் பாதுகாப்பு மற்றொரு பொருள். இரண்டையும் பிரித்துக் கேட்பவருக்கே விடை கிட்டும்.

பிரிப்பதற்கு முன் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யூதர்மீதான வெறுப்பைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘ஆன்டிசெமிட்டிசம்’ என்னும் சொல் 1879-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் பரவியது. அதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் வில்ஹெல்ம் மார் என்ற எழுத்தாளர். அவர் யூதருக்குப் பகைவர். அப்பகைமைக்கு விஞ்ஞானச் சாயல் பூசவே மொழிநூலாரிடமிருந்து ‘செமிட்டிக்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். மொழிநூலில் அது எபிரேயம், அரபு, எத்தியோப்பிய அம்ஹாரியம் முதலிய மொழிகளின் குடும்பப் பெயர். ஆனால் மார் பகைத்தது அரபு மக்களையன்று, யூதரையே. ஆகவே அச்சொல்லைத் தமிழில் ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்று பெயர்த்தால் சொல் வரும், பொருள் வராது. ‘யூத வெறுப்பு’ என்பதே நேரான மொழிபெயர்ப்பு.

சொல் தெளிவானாலும் அதன் எல்லை எதுவென்பது எளிதில் முடிவாகவில்லை. 2016 மே மாதம் புகாரெஸ்ட் நகரில் கூடிய சர்வதேச இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பு, யூத வெறுப்புக்கு ஒரு செயல்முறை வரையறையை ஏற்றது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் 60 லட்சம் யூதரைக் கொன்றொழித்த கொடுமையைக் கற்பிப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. இவ்வரையறை சட்ட வலிமை உடையதன்று என்பதை அந்த ஆவணமே கூறுகிறது. அதனுடன் 11 எடுத்துக்காட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஏழு இஸ்ரேல் நாட்டைத் தொட்டுச் செல்கின்றன. வேறு எந்த நாட்டைக் குறைகூறுவது போலவும் இஸ்ரேலைக் குறைகூறுவது யூத வெறுப்பாகாது என்று ஓரிடத்திலும், இஸ்ரேல் அரசின் செயல்களுக்கு யூதர் அனைவரையும் பொறுப்பாளியாக்குவது யூத வெறுப்பே என்று மற்றோரிடத்திலும் அது கூறுகிறது. ஐரோப்பியப் பாராளுமன்றம் 2017 ஜூன் 1-ஆம் நாள் நிறைவேற்றிய தீர்மானத்தில் இவ்வரையறையை ஏற்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

எதிர்ப்பும் எழுந்தது. இஸ்ரேலைப் பற்றிய எடுத்துக்காட்டுகள் நியாயமான அரசியல் விமரிசனத்தின் வாயை அடைக்கப் பயன்படுமென்று பலர் அஞ்சினர். வரையறையின் முந்தைய வடிவை எழுதுவதில் முதன்மைப் பங்கு கொண்ட அமெரிக்க வழக்கறிஞர் கென்னத் ஸ்டெர்ன் என்பவரே, பல்கலைக்கழகங்களில் பேச்சுக்குத் தடைபோடும் கருவியாக அதை ஆக்குவதை எதிர்த்து வந்திருக்கிறார். 2021 மார்ச் மாதத்தில், யூத வரலாற்றிலும் இனப்படுகொலை வரலாற்றிலும் வல்ல அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டு ‘ஜெருசலேம் பிரகடனம்’ என்ற மாற்று வரையறையை வெளியிட்டனர். எனவே வேட்பாளரைப் பார்த்து, “யூத வெறுப்பை எதிர்க்கிறீரா?” என்று கேட்பதில் பயனில்லை, எதிர்க்கவில்லை என்று சொல்வார் யாருமிலர். “எந்த வரையறையின்படி? அது அறிவுரையாக இருக்கட்டும் என்பீரா, அரசாங்க மானியம் வழங்குவதற்கும் மறுப்பதற்கும் அளவுகோலாக வேண்டும் என்பீரா?” என்று கேட்டால், அவர் நிற்குமிடம் தெரிந்துவிடும்.

இனி முதற்பொருளாகிய உள்நாட்டுப் பாதுகாப்பைப் பார்ப்போம். இது வெறும் மனவருத்தம் பற்றிய பேச்சன்று. 2012 மார்ச் மாதம் பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு யூதப் பள்ளியின் வாயிலில் ஓர் ஆசிரியரும் மூன்று குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2014 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் நகர யூத அருங்காட்சியகத்தில் நால்வர் மாண்டனர். 2015 ஜனவரியில் பாரிஸ் நகரில் யூத உணவுப் பொருள் அங்காடி ஒன்றில் நால்வர் கொல்லப்பட்டனர். இவை இஸ்லாத்தின் பெயரால் வன்முறை புரிந்தோரின் செயல்கள். 2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில், யூதரின் மிகப் புனிதமான நோன்பு நாளில், தீவிர வலதுசாரி ஒருவன் ஆலயத்துள் புக முயன்றான். கதவு உறுதியாக நின்றதால் உள்ளே வழிபட்டுக்கொண்டிருந்தோர் பிழைத்தனர். வெளியே இருவர் உயிரிழந்தனர். வெறுப்பு ஒரே திக்கிலிருந்து வருவதன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. தமக்கு வேண்டாத திக்கிலிருந்து வரும் வெறுப்பை மட்டும் சுட்டிக்காட்டும் வேட்பாளரைக் கேள்வியால் மடக்கவேண்டும்.

ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் நிலையம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,000 யூதர்கள் தம் அனுபவத்தைக் கூறினர். ஆய்வுக்கு முந்திய ஓராண்டில் யூத வெறுப்பை ஏதேனும் ஒரு வடிவில் எதிர்கொண்டதாக 96 சதவிகிதத்தினர் தெரிவித்தனர். தாம் யூதர் என்பதைச் சில வேளைகளிலேனும் மறைத்துக்கொள்வதாக 76 சதவிகிதத்தினர் கூறினர். இவ்விவரங்கள் 2023-இன் முற்பாதியில், அதாவது அக்டோபர் போர் மூளுமுன், திரட்டப்பட்டவை என்பது கருதத்தக்கது. இஸ்ரேல் அரசாங்கம் செய்வதற்குத் தம்மைப் பொறுப்பாளியாக்குகிறார்கள் என்ற மனக்குறையும் அவர்களுள் பலருக்கு உண்டு.

ஐரோப்பியக் கமிஷன் 2021 அக்டோபர் 5-ஆம் நாள், யூத வெறுப்பை ஒழிக்கவும் யூத வாழ்வை வளர்க்கவும் 2030 வரை செல்லும் ஒரு திட்டத்தை வெளியிட்டது. இதற்கெனத் தனி அதிகாரி ஒருவரை அது 2015 இறுதியிலேயே நியமித்திருந்தது. ஆகவே வேட்பாளரிடம் திட்டவட்டமாகக் கேட்கலாம். வழிபாட்டிடங்களின் காவலுக்கு ஒன்றியத்தின் வரவுசெலவில் ஒதுக்கீட்டை உயர்த்துவீரா? இனவெறியைத் தூண்டுவதையும் இனப்படுகொலை நடந்ததை மறுப்பதையும் குற்றமாக்கும்படி 2008-இல் ஒன்றியம் எடுத்த முடிவை உறுப்பு நாடுகள் உண்மையாகவே செயல்படுத்துகின்றனவா என்று பார்த்துக் கேட்பீரா? இணையதளங்களில் பரவும் வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்த 2022-இல் நிறைவேறிய மின்னணுச் சேவைகள் சட்டத்தை எவ்வாறு பயன்படுத்துவீர்?

இவற்றினும் கூரிய ஒரு கேள்வி உண்டு. யூத சமய விதிப்படி, உணவுக்கான விலங்கை மயக்கமூட்டாமல் அறுக்க வேண்டும். இஸ்லாமியரிடையேயும் இவ்விதியைக் கடைப்பிடிப்போர் பலர். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி, மயக்கமூட்டியே அறுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அத்தகைய சட்டத்துக்கு இடமுண்டு என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 டிசம்பர் 17-இல் தீர்ப்பளித்தது. விலங்குகள் மீதுள்ள கருணையால் இச்சட்டத்தை ஆதரிப்போர் உண்டு. தம்மை நாட்டைவிட்டுப் போகச் சொல்வதற்கு இது ஒப்பாகுமென்று வருந்தும் யூதரும் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம் 2012 மே மாதத்தில் சமயக் காரணத்துக்காகச் சிறுவருக்குச் செய்யும் விருத்தசேதனத்தை உடற்காயமாகக் கொண்டபோதும் இதே கலக்கம் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மானியப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அச்சடங்குக்கு இடமளித்தது. “யூத வாழ்வை வளர்ப்பேன்” என்று கூறும் வேட்பாளர் இவ்விரு பொருள்களில் எப்படி வாக்களிப்பார் என்று கேட்டால், பொது வாக்குறுதி நீங்கி உண்மையான நிலை வெளிப்படும்.

இரண்டாம் பொருள் இஸ்ரேல்பாலுள்ள கொள்கை. இதில் முதலில் அறியவேண்டுவது, எந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது. விலாசம் தவறிய கடிதத்துக்குப் பதில் வராததுபோல், விலாசம் தவறிய கேள்விக்கும் விடை வராது.

பாலஸ்தீனத்தைத் தனிநாடாக அங்கீகரிப்பது ஒன்றியத்தின் வேலையன்று. ஒவ்வொரு நாட்டின் உரிமை அது. ஸ்பெயினும் அயர்லாந்தும் 2024 மே 28-ஆம் நாளும், ஸ்லோவீனியா ஜூன் 4-ஆம் நாளும், அதாவது தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், அங்கீகாரம் அளித்தன. பிரான்சும் போர்ச்சுகலும் 2025 செப்டம்பரில் அவ்வாறே செய்தன. போர்த் தளவாடங்களை ஏற்றுமதி செய்ய உரிமம் வழங்குவதும் தனித்தனி நாடுகளின் பொறுப்பே; அதற்குப் பொது நெறிகளை மட்டும் 2008-இல் ஒன்றியம் வகுத்துள்ளது. ஆகவே இவ்விரண்டையும் பற்றிய கேள்விகளைத் தேசியப் பாராளுமன்ற வேட்பாளரிடம் கேட்பதே பொருத்தம்.

ஒன்றியத்தின் கூட்டு வெளிநாட்டுக் கொள்கையை உறுப்பு நாடுகளின் அமைச்சர் மன்றம் வகுக்கிறது. அதற்குப் பொதுவாக ஒருமனதான முடிவு வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் அறிக்கை நின்றுவிடும். 2021 மே மாதத்தில் காசாவில் போர் மூண்டபோது போர்நிறுத்தம் கோரும் அறிக்கையை 26 நாடுகள் ஆதரிக்க, ஹங்கேரி ஒன்று மட்டும் விலகி நின்றது. வாணிபக் கொள்கையோ ஒன்றியத்தின் தனி அதிகாரத்துக்கு உட்பட்டது. அங்கே ஒருமனம் தேவையில்லை. உறுப்பு நாடுகளில் 55 சதவிகிதமும், அவற்றின் மக்கள் ஒன்றிய மக்கள் தொகையில் 65 சதவிகிதமும் இருந்தால் போதும். உடன்படிக்கைகளுக்குப் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். வரவுசெலவிலும் அதற்குப் பங்குண்டு. எனவே ஐரோப்பியப் பாராளுமன்ற வேட்பாளரிடம் கேட்கத்தக்க வலிமையான கேள்விகள் வாணிபத்தையும் பணத்தையும் பற்றியவை.

இஸ்ரேலுடன் ஒன்றியம் செய்த கூட்டுறவு ஒப்பந்தம் 1995 நவம்பரில் கையெழுத்தாகி, 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெரும்பாலான தொழிற்பொருள்கள் சுங்க வரியின்றிப் போய்வருகின்றன. மனித உரிமைகளையும் ஜனநாயக நெறிகளையும் மதிப்பதே இவ்வுறவின் அடிப்படை என்று அதன் இரண்டாம் பிரிவு கூறுகிறது. 2025 ஜூனில் ஒன்றியத்தின் வெளியுறவுத் துறை நடத்திய பரிசீலனை, இஸ்ரேல் அப்பிரிவை மீறியதற்கான அறிகுறிகள் இருப்பதாகத் தெரிவித்தது. வாணிபச் சலுகைகளுள் சிலவற்றை நிறுத்திவைக்கலாம் என்று அவ்வாண்டு செப்டம்பரில் கமிஷன் யோசனை வெளியிட்டது. அதை ஏற்கவேண்டும் என்பாரும், நட்பு நாட்டைத் தண்டிப்பதால் சமாதானம் வாராது என்பாரும் உளர். எப்பக்கம் நிற்பினும், “இரண்டாம் பிரிவை எப்போது, எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்கிறீர்? உடன்படிக்கை செய்துகொண்ட மற்ற நாடுகளுக்கும் அதே அளவுகோலை வைப்பீரா?” என்ற கேள்வி வேட்பாளரைச் சிந்திக்க வைக்கும்.

1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதிகளில் ஏற்பட்ட குடியேற்றங்களில் விளையும் பொருள்கள் இன்னொரு தெளிவான கேள்விக்கு இடம் தருகின்றன. அவற்றுக்கு ஒப்பந்தத்தின் வரிச் சலுகை கிடையாது. அவை எங்கிருந்து வருகின்றன என்பதைச் சிட்டையில் குறிக்க வேண்டும் என்று 2015-இல் கமிஷன் அறிவித்தது; 2019 நவம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே, “சிட்டை போதுமா, இறக்குமதியையே தடுக்க வேண்டுமா, சிட்டையும் வேண்டாமா?” என்று மூன்று வாயில்களைத் திறந்துவைத்துக் கேட்கலாம். எவ்வாயிலில் நுழைந்தாலும் வேட்பாளரின் நிலை விளங்கிவிடும்.

இரு பொருள்களும் ஒன்றையொன்று உராயும் இடமும் உண்டு. மிகுந்த கவனம் வேண்டுவது அங்கேதான். இஸ்ரேல் பொருள்களைப் பகிஷ்காரம் செய்ய அழைக்கும் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் பாராளுமன்றம் 2019 மே 17-இல் நிறைவேற்றிய தீர்மானம், அவ்வியக்கத்தின் வாதங்களும் முறைகளும் யூத வெறுப்புத் தன்மை வாய்ந்தவை என்று கண்டித்தது. ஓராண்டுக்குப் பின், 2020 ஜூன் 11-இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறொரு கோணத்தில் நோக்கியது. பிரான்சில் அங்காடிகளின் முன் பகிஷ்காரத்துக்கு அழைப்பு விடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட 11 பேரின் வழக்கில், அத்தண்டனை கருத்துரிமைக்கு முரண் என்று அது தீர்ப்பளித்தது. அரசியல் கருத்தை வெளியிடுவதற்கும் வெறுப்பைத் தூண்டுவதற்கும் உள்ள வேற்றுமையை வலியுறுத்தியது. ஒன்றை அருவருப்பதும் அதைச் சட்டத்தால் தடுப்பதும் வேறு வேறு. வேட்பாளர் இவ்விரண்டில் எதைச் செய்வார் என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இஸ்ரேலை ஆதரிப்பதே யூத வெறுப்பின்மைக்குச் சான்றாகாது; இஸ்ரேலைக் கண்டிப்பதே வெறுப்புக்குச் சான்றும் ஆகாது. ஹங்கேரி அரசாங்கம் இஸ்ரேல் அரசாங்கத்துடன் நெருங்கிய நட்பு பூண்டிருந்த 2017-ஆம் ஆண்டிலேயே, யூதராகிய ஜார்ஜ் சோரோஸ் என்ற செல்வருக்கு எதிராக நாடெங்கும் சுவரொட்டிகளை ஒட்டியது. அவை பழைய வெறுப்பைக் கிளறுகின்றன என்று அந்நாட்டு யூதப் பேரமைப்பே முறையிட்டது. மற்றொரு பக்கம், பாலஸ்தீன மக்களுக்காகக் குரல்கொடுத்த பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் உள்விவகாரத்தை ஆராய்ந்த அந்நாட்டுச் சமத்துவ ஆணையம், யூத உறுப்பினர்கள் துன்புறுத்தப்பட்டதற்குக் கட்சி சட்டப்படி பொறுப்பாகும் என்று 2020 அக்டோபரில் முடிவு கூறியது. ஆகையால் வேட்பாளரிடம் எதிர்க்கட்சியின் குற்றத்தைப் பற்றிக் கேட்பதைவிட, “உமது கட்சிக்குள் இத்தகைய புகார் வந்தபோது என்ன செய்தீர்?” என்று கேட்பது மேல்.

கேள்வியின் சொல்லமைப்பும் முக்கியம். 2024 ஜனவரி 18-ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் காசாவில் நிலையான போர்நிறுத்தம் வேண்டுமென்று தீர்மானித்தது. ஆனால் பிணைக்கைதிகள் அனைவரும் விடுவிக்கப்படவும் ஹமாஸ் அமைப்புக் கலைக்கப்படவும் வேண்டுமென்ற நிபந்தனை அதில் சேர்க்கப்பட்டிருந்தது. 312 பேர் ஆதரித்தனர். 131 பேர் எதிர்த்தனர். 72 பேர் நடுநிலை வகித்தனர். போர்நிறுத்தமே கூடாது என்று எதிர்த்தவரும், நிபந்தனை கூடாது என்று எதிர்த்தவரும் அந்த 131 பேருள் கலந்திருக்கக் கூடும். எனவே, “போர்நிறுத்தத்தை ஆதரித்தீரா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் பொருள் விளங்காது. “நிபந்தனையுடனா, நிபந்தனையின்றியா?” என்று சேர்த்துக் கேட்க வேண்டும். முன்பே உறுப்பினராக இருந்தவரிடம், பெயர்வாரியாகப் பதிவான வாக்குகளை எடுத்துக்காட்டி விளக்கம் கேட்பதே சிறந்தது. அப்பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளவை. ஒன்றியத்தில் 24 ஆட்சிமொழிகள் வழங்குவதால், ஒரே கேள்வி பல மொழிகளில் பெயர்க்கப்படுகிறது. நிபந்தனைச் சொல் ஒன்று பெயர்ப்பில் நழுவினால் நாடு நாட்டுக்கு வெவ்வேறு கேள்வி கேட்டதாகிவிடும்.

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1884-இல் எழுந்த யூத ஆலயங்கள் இன்றும் நிற்கின்றன. நம் நாட்டில் பல நூற்றாண்டுகள் யூதர் அண்டை வீட்டாரின் பகைமையின்றி வாழ்ந்தனர் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியோர், யூத விருந்தினர் இல்லம் ஒன்றைத் தேடிச் சென்று கொலை புரிந்ததை நாம் மறப்பதற்கில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் உணர்ந்தறியத்தக்க ஓர் உண்மை உண்டு. 1991-ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, அணையின் மதகைத் திறக்கவோ மூடவோ எவ்வித அதிகாரமுமற்ற ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பிய யூதர் அனுபவித்த கொடுமையின் அளவு வேறு. அதனோடு இதை ஒப்பிடுதல் தகாது. ஆனால் எங்கோ ஓர் அரசாங்கம் செய்ததற்கு, பிறப்பையும் மொழியையும் காரணம் காட்டி ஒருவரைத் தெருவில் நிறுத்திக் கணக்குக் கேட்கும் அநியாயம் எத்தகையது என்பதை அக்குடும்பங்கள் அறியும். தெருவில் அண்டை வீட்டாரிடம் கேட்கப்படும் அக்கேள்வி, மேடையில் அதிகாரம் நாடி நிற்பவரிடம் கேட்கப்பட வேண்டியது. கேள்வி அங்கே கேட்கப்படாத நாட்டில்தான் அது இங்கே கல்லாக விழுகிறது.

நாம் குடியேறிய ஊரிலும் தேர்தல் வரும். வேட்பாளர் நம் வாயிலுக்கும் வருவார். பிள்ளைகள் தமிழ் கற்கப் பள்ளியில் ஏற்பாடு வேண்டுமென்றால் அதைச் சட்டசபை வேட்பாளரிடம் கேட்க வேண்டும். ஊருக்குப் போய்வர ரயில் வேண்டுமென்றால் பாராளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டும். தெருவிளக்கும் குடிநீரும் நகராட்சியைச் சேர்ந்தவை. பொருளைப் பிரித்துக்கொண்டு, உரியவரைத் தேர்ந்து, முன் செய்ததை எடுத்துக்காட்டி, தப்பிச் செல்ல இடமில்லாத சொற்களில் கேட்பவருக்கு, எந்த மொழி பேசும் ஊரானாலும், வேட்பாளர் விடை சொல்லியே ஆகவேண்டும்.